நடுக்காட்டை அவள் எப்படிக் கடந்தாள்?

கேள்வியை முதலில் என் சொற்களில் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள் சிறுவர்களுக்காக ஒரு தேவதைக் கதை எழுதியிருக்கிறீர்கள். நாயகி பத்து வயதுப் பெண், போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனவள். ஊர் ஏரி வற்றிவிட்டது. தண்ணீர் கேட்டு அவள் காட்டைக் கடந்து வனதேவதையிடம் போகிறாள். அவளுடைய நல்ல மனசைப் பார்த்து தேவதை ஏரியையும் நிரப்பி, காலையும் சரியாக்கி அனுப்புகிறாள். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், "காலைக் குணமாக்கினது தப்பு, அது ஊனமுற்றவர்களை அவமதிக்கிறது" என்கிறார். இன்னொருவர், "மாயக்கதையில்கூட கால் சரியாகாது என்றால் மாயம் எதற்கு?" என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் முடிவைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் வந்த இடம் நடுவில் இருக்கிறது. "காட்டைக் கடந்து" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான். ஒரு கால் சூம்பிய பத்து வயதுப் பிள்ளை ஒரு காட்டைத் தனியாகக் கடப்பது சின்ன விஷயமில்லை. கதையின் மிகப் பெரிய சம்பவமே அதுதான். அது இரண்டு சொற்களில் முடிந்துபோனால், கடைசியில் கால் குணமானாலும் ஆகாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கால் கதைக்குள் வரவே இல்லை.

இதை எந்த இடத்திலிருந்து சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாட்டார் வழக்காற்றியல் பாடம் நடத்தியவன் நான். சிறுவர் கதைகளுக்குப் பிரதி பார்த்துக் கொடுப்பதும் உண்டு. குழந்தையிலேயே போலியோ வந்து, இடது காலில் காலிப்பரோடு, அதாவது காலைத் தாங்கும் கம்பியும் தோல் வாரும் கொண்ட கருவியோடு, வளர்ந்தவன். அதனால் கால் ஊனம் பற்றி உரிமையோடு பேசுவேன். காது கேளாமை, பார்வையின்மை, அறிவுசார் குறைபாடு பற்றி அதே உரிமையில் பேச மாட்டேன். அவற்றில் நூல்களில் படித்ததை மட்டும் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். தேவதைக் கதை என்று நாம் இன்று நினைக்கும் வடிவத்துக்குப் பெரும் அச்சு ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் போட்டது. முதல் பாகம் 1812-இல் வந்தது. அதிலிருந்து 1857-இல் வந்த ஏழாம் பதிப்பு வரை கதைகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருந்தன, பெரும்பாலும் தம்பி வில்ஹெல்மின் கையால். சிண்டரெல்லா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1812-இல் மாற்றாந்தாயின் மகள்கள் செருப்புக்குள் காலை நுழைக்க விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள், அதோடு சரி. புறாக்கள் வந்து அவர்களுடைய கண்களைக் கொத்துவதும், பொல்லாத்தனத்துக்கும் பொய்மைக்கும் தண்டனையாக ஆயுள் முழுக்கக் குருடாகப் போவதும் 1819 பதிப்பில்தான் சேர்ந்தது. அதே தொகுப்பில் ராபன்ஸல் கதையின் இளவரசன் கோபுரத்திலிருந்து விழுந்து, முள் குத்திக் கண்ணிழந்து, ஆண்டுக்கணக்கில் காட்டில் அலைகிறான். காதலியின் இரண்டு சொட்டுக் கண்ணீர் பட்டதும் பார்வை வந்துவிடுகிறது. கெட்டவளுக்குக் கண் போகிறது, நல்லவனுக்குக் கண் வருகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆன் ஷ்மீஸிங் இதற்கென்றே 2014-இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். பதிப்புக்குப் பதிப்பு செய்த திருத்தங்களில் ஊனம் எப்படி மேலும் மேலும் அழுத்தம் பெற்றது என்பதை அதில் வரிசையாகப் பார்க்கலாம்.

இந்த வழக்கத்தின் மிக அழகான உதாரணமும் மிகவும் உறுத்தும் உதாரணமும் ஒரே கதைதான், "கைகளற்ற பெண்". வறுமையில் இருக்கும் ஆலைக்காரர் ஒருவர், ஆலைக்குப் பின்னால் நிற்பதைத் தருகிறேன் என்று சாத்தானிடம் வாக்குக் கொடுத்துவிடுகிறார். நிற்பது ஆப்பிள் மரம் என்று அவர் நினைப்பு. அந்த நேரம் அங்கே முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவள் அவர் மகள். அவள் அழுது அழுது கைகள் சுத்தமாகிவிட்டதால் சாத்தானால் தொட முடியவில்லை. "கையை வெட்டு" என்கிறான், அப்பா வெட்டிவிடுகிறார். இனி உன்னைக் காலமெல்லாம் சீராட்டுகிறேன் என்று அப்பா சொன்னதைக் கேளாமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். ஒரு ராஜா அவளை மணந்து வெள்ளிக் கைகள் செய்து கொடுக்கிறார். அப்புறம் சாத்தான் கடிதங்களை மாற்றிவைக்க, பச்சைக் குழந்தையோடு மறுபடியும் காடு. அங்கே ஒரு சின்ன வீடு, ஒரு தேவதூதர், ஏழு வருடம். அவளுடைய பக்திக்காகக் கடவுள் அருளால் கைகள் மறுபடி வளர்கின்றன. கடைசியில் தேடி வரும் ராஜா அவளை நம்ப மறுக்கிறார். "என் மனைவிக்கு வெள்ளிக் கைகள் இருந்தன" என்கிறார். தேவதூதர் உள்ளறைக்குப் போய் அந்த வெள்ளிக் கைகளை எடுத்து வந்து காட்டிய பிறகுதான் நம்புகிறார்.

பாடம் நடத்தும்போது நான் நின்று நின்று படித்த இடம் அந்த உள்ளறை. கை முளைத்த பிறகும் அவள் அந்த வெள்ளிக் கைகளைத் தூக்கி எறியவில்லை, வைத்திருக்கிறாள். ஏன் என்று கதை சொல்வதில்லை. ஒருமுறை மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதியில் இதே மாதிரிக் குணமாகும் கதை ஒன்றைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: "அந்த அக்கா அப்புறம் காலிப்பரை என்ன சார் பண்ணுச்சு?" கால் சரியான சந்தோஷத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. தினமும் காலையில் மாட்டி, ராத்திரி கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்கிற ஒரு பொருள் கதையிலிருந்து காணாமல் போனதை அவன் கவனித்திருக்கிறான்.

அந்தக் காலத்தில் இந்தக் கதைகளைக் கேட்டவர்கள் இதையெல்லாம் ஊனத்தைப் பற்றிய கருத்தாக எடுத்துக்கொண்டார்களா என்பது அவ்வளவு உறுதியில்லை. ஸ்விட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூத்தி 1947-இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டார் மாயக்கதையின் மனிதர்களுக்கு ஆழமே கிடையாது, காகிதத்தில் வெட்டிய உருவம்போலத் தட்டையானவர்கள் என்று விளக்கினார். ஏழு காக்கைகள் கதையில் தங்கை கண்ணாடி மலையின் கதவைத் திறக்க வேண்டும், கொண்டு வந்த எலும்பைத் தொலைத்துவிட்டாள். தன் சுண்டுவிரலை வெட்டிச் சாவியாக நுழைக்கிறாள், கதவு திறக்கிறது. ரத்தம் இல்லை, வலி இல்லை, அதற்குப் பிறகு அந்த விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த வகைக் கதையில் உடல் என்பது ஒரு குறி மட்டுமே என்று லூத்தியை வைத்து வாதிடலாம். நான் அதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். வடிவம் அப்படித்தான். ஆனால் குறியாகப் பயன்படுத்த எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வடிவத்தின் தலையில் போட்டுத் தப்பிக்கக்கூடிய விஷயமில்லை.

இது ஐரோப்பியப் பழக்கம் என்று ஒதுக்கவும் முடியாது. பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் ஒரு கதை வருகிறது. மூன்று முலைகளோடு பிறந்த இளவரசியை, பொன்னும் கொடுத்து ஒரு குருடனுக்குக் கட்டிவைத்து நாட்டை விட்டு அனுப்புகிறார்கள். குருடனுக்கு வழிகாட்டி ஒரு கூனன். மூவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். இளவரசிக்கும் கூனனுக்கும் தொடர்பு ஏற்பட, குருடனைக் கொல்ல ஒரு செத்த கருநாகத்தைக் கொண்டு வந்து நறுக்கி அடுப்பில் ஏற்றி, "மீன் வேகிறது, கிளறிக்கொண்டிருங்கள்" என்று அவனையே கிளறவிடுகிறாள். நாகத்தின் விஷ ஆவி பட்டுக் கண்ணை மறைத்த படலம் கரைந்து அவனுக்குப் பார்வை வந்துவிடுகிறது. சட்டியில் பாம்புத் துண்டுகள் தெரிகின்றன. அப்போதும் குருடன்போலவே நடிக்கிறான். கூனன் வந்து அவளைத் தழுவும்போது அவன் கால்களைப் பிடித்துத் தலைக்கு மேலே சுழற்றி அவள் மார்பில் மோதுகிறான். மோதிய வேகத்தில் மூன்றாம் முலை உள்ளே போய்விடுகிறது, கூனனின் முதுகும் நிமிர்ந்துவிடுகிறது. மூவரும் ஒரே நிமிடத்தில் குணம்!

கேலியும் குரூரமும் கலந்த கதை இது, குழந்தைக்குச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் கைகளற்ற பெண் கதையைவிட இது நேர்மையானது என்று எனக்குத் தோன்றும். இங்கே யாரும் நல்ல மனசுக்காகக் குணமாகவில்லை. மூவரில் எவரும் யோக்கியர் இல்லை. விதி கூடிவந்தால் கெட்டதும் நல்லதாக முடியும் என்று சொல்லக் கதைசொல்லி மூன்று உடல்களை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அந்த மூவரும் ஆசை, சூழ்ச்சி, கோபம் எல்லாம் உள்ள மனிதர்களாக ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள். ஊனமுள்ளவர் கதையில் சாதுவாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிற்கால விதி அங்கே இன்னும் எழுதப்படவில்லை.

மந்தரையை நாம் எல்லோரும் அறிவோம். கம்பர் அவளை அறிமுகப்படுத்தும்போதே "கொடுமனக் கூனி" என்கிறார். முதுகும் மனமும் ஒன்றாகவே வளைந்ததாகக் காட்டும் பழைய வழி அது. ஆனால் அடுத்தடுத்த வரிகளிலேயே "பண்டைநாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை" அவள் நினைவுக்கு வருகிறது. சிறுவனாக இருந்த ராமன் வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் முதுகில் அடித்ததை அவள் மறக்கவில்லை. அரண்மனையில் எல்லோரும் கொண்டாடும் பிள்ளையை அவள் ஏன் வெறுக்கிறாள் என்பதற்குக் கம்பரே காரணம் ஒன்று வைத்திருக்கிறார். அந்த ஒற்றை வரியை நீட்டினால் ஒரு முழுச் சிறுகதை இருக்கிறது.

உங்கள் கதைக்கு மிக அருகில் இருப்பது பெரியபுராணத்தின் தண்டியடிகள். இது பக்தி நூல், தேவதைக் கதை இல்லை. அந்த மரியாதையோடுதான் எடுத்துக்கொள்கிறேன். திருவாரூரில் பிறவியிலேயே பார்வையில்லாத அடியார் அவர். கோயில் குளம் தூர்ந்து சுருங்குவதை அறிந்து தானே தோண்டி அகலப்படுத்த முடிவெடுக்கிறார். பார்வையில்லாதவர் குளம் வெட்டுவது எப்படி? தோண்டும் இடத்தில் ஒரு தறி, அதாவது முளைக்கம்பு, நடுகிறார், கரையில் ஒரு தறி நடுகிறார். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே கூடையில் மண் சுமந்து போய்க் கொட்டிவிட்டு, தடவிக்கொண்டே திரும்பி வருகிறார். கேலி செய்தவர்கள் அவருடைய கயிறையும் தறியையும் பிடுங்கிப் போடுகிறார்கள். கடைசியில் இறைவன் அருளால் அவருக்குப் பார்வை கிடைக்கிறது, கேலி செய்தவர்களுக்குப் பார்வை போகிறது.

முடிவை மட்டும் பார்த்தால் இது சிண்டரெல்லாவின் புறாக்கள்தான், இங்கும் கண் பரிசாகவும் தண்டனையாகவும் ஆகிறது. ஆனால் நடுவில் சேக்கிழார் அந்தக் கயிற்றை வைத்திருக்கிறார். ஒரு மனிதர் தன் உடலுக்கு ஏற்றபடி வேலையை எப்படி அமைத்துக்கொள்கிறார், அதற்கு என்ன பொருள் தேவை, அந்தப் பொருளைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கேலி செய்தவர்களுக்குக்கூட எதைப் பிடுங்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது! சக்கர நாற்காலியையோ ஊன்றுகோலையோ யாராவது தள்ளி வைத்துவிட்டுப் போகும்போது வரும் தவிப்பை அனுபவித்தவர்களுக்கு அந்த இடம் சுருக்கென்று படும். அதனால்தான் முடிவைவிட நடுப்பகுதியைப் பாருங்கள் என்கிறேன்.

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் தகரச் சிப்பாய் 1838-இல் வந்தது. ஒரு பழைய தகரக் கரண்டியை உருக்கி 25 சிப்பாய்கள் வார்க்கிறார்கள், கடைசிச் சிப்பாய்க்குத் தகரம் போதவில்லை, ஒரு கால்தான். மற்றவர்கள் இரண்டு காலில் நிற்பதுபோலவே அவன் ஒற்றைக் காலில் உறுதியாக நிற்கிறான். காகித மாளிகையின் வாசலில் ஒரு நடனக்காரி ஒரு காலை மிக உயரத் தூக்கி நிற்கிறாள். தூக்கிய கால் இவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தன்னைப்போல ஒரே கால்தான் என்று நினைத்து, இவள்தான் எனக்கேற்ற மனைவி என்று முடிவு கட்டுகிறான். தன்னைப்போல இன்னொரு உடல் இந்த உலகத்தில் இருக்கிறது என்று முதல்முறையாகக் கண்டதும் மனம் எப்படிப் பாயும் என்பதை இவ்வளவு சின்னதாக, இவ்வளவு சரியாக எழுதிய இடம் வேறு எதுவும் எனக்கு நினைவு வரவில்லை. ஆனாலும் சிப்பாய் கதை முழுக்க எதையும் செய்வதில்லை. ஜன்னலிலிருந்து விழுகிறான், சாக்கடையில் மிதக்கிறான், மீன் விழுங்குகிறது, கடைசியில் ஒரு பையன் காரணமே இல்லாமல் அவனை அடுப்பில் போடுகிறான். தாங்கிக்கொள்வது மட்டுமே அவன் குணம். ஊனமுள்ள பாத்திரம் என்றதும் இந்தத் தாங்கும் குணம்தான் பல எழுத்தாளர்களுக்குச் சட்டென்று கைக்கு வருகிறது. உங்கள் நாயகியின் "நல்ல மனசு" அந்த வகையைச் சேர்ந்ததா என்று ஒருமுறை பாருங்கள்.

கட்டாயம் படிக்கச் சொல்லும் ஒரு கதை ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1904-இல் வெளியிட்ட "குருடர்களின் நாடு". எக்குவடார் நாட்டின் ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே, வெளியுலகத் தொடர்பு அறுந்த ஒரு பள்ளத்தாக்கு. அங்கே தலைமுறை தலைமுறையாக எல்லோருமே பார்வையில்லாதவர்கள். மலையேறி விழுந்த நூன்யெஸ் என்ற பார்வையுள்ளவன் அங்கே வந்து சேர்கிறான். குருடர்கள் நாட்டில் ஒற்றைக்கண்ணன் ராஜா என்ற பழமொழியை முணுமுணுத்துக்கொண்டே இறங்குகிறான். ஆனால் அந்த ஊர் அவனுக்காகக் கட்டப்படவில்லை. வீடுகளுக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் பூச்சு கண்டபடி பல நிறத்தில் இருக்கிறது, யாருக்கு வேண்டும் நிறம்? பாதைகள் ஒன்றுக்கொன்று ஒரே கோணத்தில் பிரிகின்றன, எந்தப் பாதை என்பதை ஓரக்கல்லில் வெட்டிய தடம் சொல்லிவிடும். ஒரு நாளை வெயில் பொழுது, குளிர் பொழுது என்று பிரித்திருக்கிறார்கள். கதகதப்பில் தூங்கி, குளிரில் வேலை செய்கிறார்கள். அந்த இருட்டு வீட்டுக்குள் தட்டுத் தடுமாறி விழுபவன் நூன்யெஸ்தான். அவனுடைய உளறலுக்குக் காரணம் முகத்தில் துடித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு உறுப்புகள்தான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஊர் வைத்தியர் சொல்கிறார்.

ஒரு வீட்டை எப்படிக் கட்டினார்கள் என்பதைக் காட்டியே யார் ஊனமானவர் என்ற கேள்வியைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார் வெல்ஸ். குறையும் உண்டு. அந்த மக்களைப் பிடிவாதக்காரர்களாகவும் குறுகிய அறிவுள்ளவர்களாகவும்தான் காட்டுகிறார், பார்வையின்மையை அறியாமைக்குக் குறியீடாகப் பயன்படுத்துவதை அவரும் விடவில்லை. 1939-இல் முடிவை மாற்றி எழுதியபோது, மலைச்சரிவை முன்கூட்டிக் கண்டு எச்சரிக்கும் நூன்யெஸை யாரும் நம்புவதில்லை. காதலி மெதினாவோடு அவன் தப்பித்து வெளியுலகில் வாழ்கிறான். ஆனால் அவளுக்குப் பார்வை பெற்றுத் தரலாம் என்ற பேச்சு வரும்போது அவள் வேண்டாம் என்கிறாள். பார்ப்பது அழகாக இருக்கலாம், ஆனால் பயங்கரமாகவும் இருக்குமே என்று தயங்குகிறாள். 35 வருடத்துக்குப் பிறகு ஆசிரியர் திரும்பி வந்து, குணமாக வேண்டுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுப் போனார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இன்னொரு கதை, சுருக்கமாக. கிரிம் தொகுப்பின் ஆறு அன்னங்கள் கதையில், அன்னமாக மாறிய அண்ணன்களுக்கு அவர்களுடைய தங்கை பேசாமல், சிரிக்காமல் சட்டை தைக்கிறாள். கடைசிச் சட்டைக்கு இடது கை மட்டும் தைத்து முடியவில்லை. எல்லோரும் மனிதர்களாகிறார்கள். கடைசி அண்ணனுக்கு மட்டும் இடது கை இருக்க வேண்டிய பக்கம் அன்னச் சிறகு தங்கிவிடுகிறது. அந்தச் சிறகைப் பற்றிக் கதை அதற்கு மேல் பேசுவதில்லை. மாயம் முழுதாகப் பலிக்காத அந்த ஒரு உடலோடு அவன் எப்படிச் சட்டை மாட்டினான், எப்படிச் சாப்பிட்டான், வானத்தைப் பார்க்கும்போது என்ன நினைத்தான் என்று கேட்டு எத்தனையோ எழுத்தாளர்கள் அந்த இடத்திலிருந்து கதையைத் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது ஊனமுள்ள எழுத்தாளர்களே இந்த வேலையைச் செய்கிறார்கள். கனடாவின் அமான்டா லெடக், தானே பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் நிலை) உள்ளவர், தேவதைக் கதைகளைத் தன் வாழ்க்கையோடு சேர்த்துப் படித்து 2020-இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவின் "அன்கேனி" இதழ் ஊனமுள்ள படைப்பாளிகளின் சிறப்பிதழ்களை 2018-இல் அறிவியல் புனைவுக்கும் 2019-இல் மாயப்புனைவுக்கும் கொண்டு வந்தது.

சரி, உங்கள் நண்பர்களுக்கு வருவோம். இனி சொல்வது என் அபிப்பிராயம்.

முதல் நண்பர் முழுக்கச் சரியில்லை. குணமாக வேண்டும் என்று ஆசைப்படுவது அவமானமான ஆசை கிடையாது. போலியோ வந்தவர்களில் பலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துப் புதிதாகத் தசைச் சோர்வும் வலியும் தொடங்கும். எனக்கும் தோள் வலி இருக்கிறது. ஒரு மாத்திரையில் அது போகும் என்றால் இன்றைக்கே போட்டுக்கொள்வேன். ஊனமுள்ளவர் எல்லோரும் குணத்தை மறுக்கிறவர்களாகவே கதையில் வர வேண்டும் என்றால் அதுவும் இன்னொரு கட்டளைதான். அவர் சரியாகச் சொன்ன இடம் வேறு. உங்கள் தேவதை அவளுடைய நல்ல மனசைப் பார்த்துத்தான் காலைச் சரி செய்கிறாள். கால் சரியாகாத ஒரு பிள்ளை இதைப் படித்தால், தன் மனசில் என்ன குறை என்று தேட ஆரம்பிக்கும். பிள்ளைகள் கதையின் கணக்கை மிகச் சரியாகப் போடுவார்கள். குணமாக்குவதென்றால் குணமாக்குங்கள், ஆனால் அதை நல்ல நடத்தைக்கான பரிசாக ஆக்காதீர்கள். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது நண்பருக்கு என் பதில்: மாயத்துக்கு வேறு வேலை இல்லையா? ஏரி நிரம்புகிறது, மரம் பேசுகிறது, காடே ஒரு தேவதைக்குக் கட்டுப்படுகிறது. இவ்வளவு இருக்கும்போது மாயத்தின் உச்சம் ஒரு காலை மற்றக் கால் மாதிரி ஆக்குவதுதான் என்பது கற்பனையில் ஒரு வறட்சி. காட்டுப் பாதை அவளுக்காகக் கொஞ்சம் வளைந்துகொடுக்கலாம். அவளுடைய ஊன்றுகோல் வெட்டப்பட்ட மரம் அவளை அடையாளம் கண்டுகொள்ளலாம். தேவதையின் வாசலிலேயே நூறு படிகள் இருந்து, அவள் கீழே நின்று கூப்பிட, தேவதை இறங்கி வர வேண்டியிருக்கலாம்.

ஒரு பள்ளத்தையும் சொல்லி வைக்கிறேன். கால் சூம்பியதற்கு ஈடாக அவளுக்கு ஒரு அபூர்வ சக்தியைக் கொடுத்துவிடாதீர்கள். பார்வையில்லாதவர் என்றால் அகக்கண் உள்ள ஞானி என்று காட்டுவது பழகிப்போன வழக்கம். அதிலும் அந்தப் பிள்ளை சாதாரணமாக இருக்க இடமில்லாமல் போகிறது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது அவள் அன்றாடம் பழகியதிலிருந்து வந்ததாக இருக்கட்டும். கோல் ஊன்றி நடப்பவர் அடி வைக்கும் முன் தரையைக் குத்திப் பார்ப்பார். ஈரம், சரளை, உள்ளே பொக்கென்று இருக்கும் மண் எல்லாம் கோல் நுனியில் தெரிந்துவிடும்.

போலியோ என்று எழுதியிருப்பதால் சில விவரங்கள். அந்த வைரஸ் தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்பணுக்களைத்தான் அழிக்கிறது. உணர்ச்சி அப்படியே இருக்கும். சூம்பிய காலில் எறும்பு கடித்தால் நன்றாகவே சுரீரென்று தெரியும். பல கதைகளில் அந்தக் காலை மரக்கட்டைபோல எழுதிவிடுகிறார்கள். அந்தக் கால் மற்றக் காலைவிடச் சில்லென்று இருக்கும். பாதம் சின்னதாக இருக்கும், ஒரே ஜோடிச் செருப்பு இரண்டு காலுக்கும் பொருந்தாது. காலிப்பர் இல்லாதவர்கள் தொடையில் ஒரு கையை ஊன்றி, முழங்காலைப் பின்னுக்கு அழுத்திக்கொண்டே நடப்பார்கள். அப்படி நடப்பவளுக்கு ஒரு கைதான் மீதி, அந்தக் கையில் நீங்கள் குடம் கொடுத்திருக்கிறீர்களா, விளக்கு கொடுத்திருக்கிறீர்களா என்று யோசிக்க வேண்டும். காலிப்பர் போட்டவள் என்றால், உட்கார முழங்கால் பூட்டைத் தள்ளித் திறக்க வேண்டும், எழுந்ததும் அது டக்கென்று விழ வேண்டும். மழையில் தோல் வார் ஊறி, காய்ந்ததும் விறைத்துத் தொடையை அறுக்கும். மணலில் கம்பி புதையும். ஓடையைத் தாண்ட மற்றவர்கள் குதிப்பார்கள், அவள் உட்கார்ந்து நகர்வாள்.

கதை இன்றைய தமிழ்நாட்டில் நடப்பதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் காட்டுவகைப் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தை கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. இன்று பத்து வயதுள்ள பிள்ளைக்குப் பெருமூளை வாதமோ பிறவி வளைபாதமோ இருப்பதாக எழுதினால் பொருந்தும், ஆனால் அவற்றின் நடை வேறு, கருவிகள் வேறு. பழைய காலத்துக் கதை, "ஒரு ஊரில்" என்று தொடங்கும் கதை என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. அப்போது போலியோ என்ற பெயரே வேண்டாம், காலை மட்டும் காட்டுங்கள்.

இப்போது முடிவு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் காட்டுப் பகுதியை மூன்று நான்கு பக்கத்துக்கு விரித்து எழுதிவிட்டு, முடிவை அப்புறம்தான் தொடுவேன். எழுதி முடிக்கும்போது அவள் என்ன கேட்பாள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவள் ஏரிக்குத் தண்ணீர் கேட்கத்தான் போனாள். காலைப் பற்றி தேவதையிடம் அவள் வாய்திறந்து கேட்டதாக நீங்கள் சொல்லவே இல்லை. தேவதை தானாகக் கொடுக்கிறாள் என்றால், கொடுக்கும் முன் "வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அவள் வேண்டும் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், தண்ணீர் கேட்டு வந்த இடத்தில் இதென்ன பேச்சு என்று எரிச்சலும் படலாம். வேண்டும் என்று சொன்னால் மறுநாளையும் எழுதுங்கள். இத்தனை வருடம் ஒரு விதமாக நடந்து பழகிய உடம்புக்குப் புதிய கால் அந்நியமாகத்தான் இருக்கும், விழுவாள். வழியில் அவளைக் கண்டுகொண்ட மரத்துக்கு இப்போது அவளை அடையாளம் தெரியுமா என்பதும் நல்ல கேள்வி.

திருத்திய பிரதியைக் காலிப்பரோ ஊன்றுகோலோ பயன்படுத்தும் இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள், முடிந்தால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பாவாடைக்குள் காலிப்பர் போடுவதில் இருக்கும் தொல்லைகள் எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "கதை பிடித்ததா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். காட்டில் எந்த இடத்தில் "இப்படி நடக்காதே" என்று தோன்றியது என்று கேளுங்கள். எனக்கு அனுப்பினாலும் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் படிப்பேன்.